நோலா கினேனும் நின்று நின்று ஓடிய பம்பும்

எங்கள் மேற்குச் சமவெளியின் ஆட்டுப் பண்ணைகளில் நோலா கினேன் என்று சொன்னால், இன்றும் யாராவது ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிப்பார். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களோடு கொட்டகை கொட்டகையாகப் போய், அவர்களுக்குச் சமைத்துப் போட்டே வாழ்ந்தவர். காலையில் ஆட்டுக்கறி வறுவலும் முட்டையும், பத்து மணி டீக்குக் கேக், மதியம் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும், பொழுது சாயும்போது மறுபடி ஒரு பெரிய சாப்பாடு. கை கழுவாமல் வந்தவனுக்குத் தட்டு கிடையாது. கம்பளி எண்ணெய் விரலில் மின்னினாலே, "வெளிய போடா, குழாய் அங்க இருக்கு" என்று கரண்டியை நீட்டுவார். ஆறடி ஆள்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வருவார்கள்.

கணவர் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் கார்த், நகரசபையில் சாலை சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறவன். எழுபத்தெட்டு வயதில் நோலா ஊரோரத்து மரவீட்டில் தனியாக இருந்தார். குளிர்காலத்தில் வந்த இருமலை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. துணி துவைக்கும் அறையில் சுருண்டு கிடந்தவரை மகன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். நிமோனியாக் கிருமி இரத்தத்துக்குள் இறங்கியிருந்தது. எங்கள் தீவிர சிகிச்சை வார்டுக்கு அவர் வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அங்கே நர்ஸ்.

எங்கள் வார்டின் டாக்டர் ஹதாத் நோலாவின் உயிரைக் காப்பாற்றினார். பின்னால் நான் குறைப்படப் போவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டைக்குள் குழாய், மூச்சுக்கு இயந்திரம், கழுத்து நரம்பில் மருந்து, அதில் வலுவான கிருமிக்கொல்லிகள். மூன்றாவது வாரம் அவர் உயிரோடு இருப்பார் என்று முதல் நாள் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டோம்.

சாப்பாடு பிப்பின் பொறுப்பு. பிலிப்பா என்ற முழுப்பெயரை அவள் அம்மாவைத் தவிர யாரும் சொல்வதில்லை. வார்டின் உணவு நிபுணர்; நடையில் எப்போதும் ஒரு அவசரம். நோலாவின் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, பழுப்பு நிறப் பால் போன்ற உணவைப் பம்பில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தாள். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகக் கொட்டினால் இரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயமே தடுமாறும். அதனால் முதலில் கொஞ்சம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவது.

கூட்டத்தான் முடியவில்லை. ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும், பம்பை நிறுத்து. நுரையீரலுக்குள் கேமரா விட வேண்டும், நிறுத்து. குழாய் நழுவிவிட்டது, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை நிறுத்து. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. திரும்ப ஓட விடுவதைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நானும் சேர்த்துத்தான், வார்டில் அப்படி இருந்தது வேலை. நோயில் கிடக்கும் வயதான உடம்பு, வெளியிலிருந்து சோறு வராவிட்டால் தன் சதையையே தின்னும். கிடாரம் தூக்கிய அந்தத் தோள்கள் எங்கள் கண்முன்னே வற்றின.

மூச்சுக்குழாயை நெடுநாள் தொண்டையில் வைக்கக்கூடாது என்று, கழுத்தில் சிறு துளை போடும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். விடியும்போதே பம்பை நிறுத்தினோம். சாலை விபத்துக்காரர் ஒருவர் வந்ததால் அறுவை அறை கிடைக்கவில்லை. சாயங்காலம், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போன் வந்தது. மறுநாள் விடியலில் மறுபடி நிறுத்தினோம். மறுபடி அதே போன்.

பிப் டாக்டர் ஹதாத்தை நடைவழியிலேயே மறித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா அவங்க வயித்துல ஒண்ணுமே போகல டாக்டர். ஆபரேஷனும் நடக்கல. அவங்க பட்டினி கிடந்ததுதான் மிச்சம்."

"நான் என்ன பண்றது பிப்? ரூம் என் கையிலயா இருக்கு?"

"கூப்பிடுறப்ப நிறுத்திக்கலாம்ல? எதுக்கு விடியக்காலையிலேயே நிறுத்தணும்?"

"மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. வாந்தி மூச்சுக்குழல்ல போனா நீயா பதில் சொல்லுவ?"

"சரி, நடக்கலைன்னு தெரிஞ்சதுமாவது ஆன் பண்ணச் சொல்லுங்க. நான் சொன்னா இங்க காத்து சொன்ன மாதிரி."

அவர் பெருமூச்சு விட்டு, "சொல்றேன்" என்றார். சொல்லவும் சொன்னார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, வேலை மாற்றத்தில் புதியவர்கள் வந்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, அந்த அறுவை நடக்கவே இல்லை. நோலா தானாகவே மூச்சுவிடத் தேறினார். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டோம். எடுத்ததும் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையில தொங்குறது என்ன?"

"உங்க சாப்பாடு, நோலா" என்றேன்.

கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தார். "தாயில்லாத ஆட்டுக்குட்டிக்கு இதைவிட நல்லதா கலக்கிக் கொடுத்திருக்கேன் சிஸ்டர்."

விழுங்கினால் புரையேறியது, எனவே குழாய் உணவுதான். அந்த நேரம் பார்த்துப் பேதி பிடித்துக்கொண்டது. சும்மா பேதி இல்லை, படுக்கையை மாற்றிக் கை எடுப்பதற்குள் மறுபடி. வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டர் உடனே பம்பை நிறுத்தினார். "குழாய் உணவு ஒத்துக்கல" என்றார். பிப் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எது நடந்தாலும் என் சாப்பாட்டு மேலதான் பழி. முதல்ல மலத்தை டெஸ்டுக்கு அனுப்புங்க."

அனுப்பினார்கள். கிருமி இருந்தது. நம் குடலில் கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருந்து, ஒன்றுக்கொன்று இடம் கொடுக்காமல் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. நோலாவின் நுரையீரலைக் காப்பாற்றிய மருந்து அந்தக் குடியிருப்பையே அழித்துவிட்டது. காலியான இடத்தில் ஒரே ஒரு போக்கிரிக் கிருமி புகுந்து நஞ்சு கக்கிக்கொண்டிருந்தது. வயதானவர்களிடம் இது வந்தால் லேசில் போகாது.

தனியறைக்கு மாற்றினோம். இந்தக் கிருமியின் விதைகள் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அவசரத்தில் அந்தத் திரவத்தை மட்டும் தேய்த்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், படுக்கையிலிருந்தே சத்தம் வரும்: "வெளிய போ! குழாய் அங்க இருக்கு!" ஒரு முறை மாட்டிக்கொண்டவர் டாக்டர் ஹதாத்தே. பேசாமல் திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

கார்த் ஒரு நாள் இயற்கை உணவுக் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தான். உயிருள்ள நல்ல பாக்டீரியா மாத்திரைகள். பொடித்துக் குழாயில் விடச் சொன்னான். ஹதாத் மறுத்துவிட்டார்.

"கழுத்துல நரம்புக் குழாய் இருக்கு கார்த். உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. இந்த மாத்திரைக் கிருமி ரத்தத்துல ஏறிடுச்சுன்னா நல்ல கிருமியும் கெட்ட கிருமிதான்."

கார்த்தின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "அவங்க வயித்துல இருந்த நல்லதை எல்லாம் கொன்னது உங்க மருந்து. நான் திருப்பிப் போடுறேன்னா வேண்டாங்குறீங்க. அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"இன்னொரு மருந்து கொடுக்கிறோம்."

"இன்னொரு மருந்து!" டப்பாவைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போனான். ஹதாத் சொன்னது சரிதான். கார்த் கேட்டதும் சரிதான்.

அந்த இன்னொரு மருந்தில் பேதி நின்றது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். நோலா பொது வார்டுக்குப் போனார். நானும் அந்த மாதம் அங்கேதான் வேலை. கூழ் விழுங்கத் தொடங்கினார், திட்டிக்கொண்டே. பிப்புக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. மருந்து முடிந்த கையோடு பேதி திரும்பி வந்தது. மறுபடி மருந்து, மறுபடி பேதி. ஏறிய எடை எல்லாம் கழிவறையில் போயிற்று. கால் எலும்பின் மேல் தோல் பை போலத் தொங்கியது.

அப்போதுதான் ஹதாத் குடல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து, வேறு வழி ஒன்றைச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவர் தானமாகக் கொடுத்த மலத்தைப் பலவிதமாகச் சோதித்து, கரைத்து, உறைய வைத்து அனுப்புவார்கள். பின்வழியாகக் கேமராக் குழாய் போட்டுக் குடலில் விட வேண்டும். ஒற்றைக் கிருமியை அல்ல, ஒரு முழுக் குடியிருப்பையே திரும்பக் குடியேற்றுவது.

நோலா ஹதாத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "தம்பி, நான் சரியாத்தான் கேட்டேனா? எவனோ ஒருத்தன் பீயையா எனக்குள்ள விடப் போற?"

"சுத்தமா சோதிச்சது நோலா."

"பீயை எப்படிடா சுத்தமாச் சோதிப்ப? ஆயுசு பூரா கை கழுவலைன்னு ஆம்பளைங்களைத் துரத்தினவ நான். இது தெரிஞ்சா அத்தனை பேரும் உருண்டு உருண்டு சிரிப்பானுங்க."

கார்த் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"நீ பாருக்குப் போனா முதல் கிளாஸ்லயே சொல்லிடுவ." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே, யாரையும் பார்க்காமல், "அவன் என்ன சாப்பிடுறவன்னாவது கேட்டுச் சொல்லுங்க" என்றார். அதுதான் சம்மதம்.

சரக்கு தலைநகரத்திலிருந்து விமானத்தில் வர வேண்டும். நோலாவுக்குக் குடல் கழுவும் மருந்து கொடுத்தாயிற்று. உள்ளே இருந்த கொஞ்சமும் போயிற்று. அன்று புழுதிப் புயல். விமானம் வேறு ஊரில் இறங்கி நின்றது. பெட்டி வந்து சேர்ந்தபோது பனிக்கட்டி உருகி, உள்ளே இருந்தது கெட்டுப்போயிருந்தது. பிப் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "இன்னொரு நாள் பட்டினி" என்று மட்டும் சொன்னாள். இந்த முறை அவளுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. காற்றை யார் திட்ட முடியும்?

அடுத்த வாரம் இரண்டாவது பெட்டி ஒழுங்காக வந்தது. வேலை அரை மணியில் முடிந்தது. சில நாளில் பேதி நின்றது. மருந்தே இல்லாமல் நின்றது. வாரங்கள் போயின, திரும்பவில்லை. ஹதாத்துக்கு மகிழ்ச்சி, மற்ற டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் தின்று தீர்த்த சதை திரும்பி வரவில்லை. நோலாவை இரண்டு பேர் பிடித்து நிற்க வைத்தால், முழங்கால் மடங்கிவிடும். உடற்பயிற்சிக்கு ஆள் வாரத்துக்கு இருமுறைதான் வந்தார். ஒருவர்தான் இருந்தார், அவரும் நான்கு வார்டுக்கு ஓட வேண்டும். பிப் முட்டையும் பாலும் கூடுதலாக அனுப்பச் சொல்வாள். சமையலறையிலிருந்து ஜெல்லி வரும். "அந்த ஆரம்ப வாரங்கள்ல ஒழுங்கா ஊட்டியிருந்தா இப்ப நடந்திருப்பாங்களா?" என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாது" என்றாள். "இந்த வயசுல, அவ்வளவு நோயில, ஒழுங்கா ஊட்டினாலும் கொஞ்சம் போயிருக்கும். எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைத் தூங்க விடல." அந்த ஆண்டு முடிவில் வேலையை விட்டுவிட்டுக் கடலோர ஊருக்குப் போய்விட்டாள்.

கார்த் அம்மாவை முதியோர் இல்லத்தில் விட மறுத்துத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனான். வசந்தத்தில் ஒரு மதியம் பார்க்கப் போனேன். நோலா சமையலறை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்படியில் நின்ற கார்த்தை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயத்தை வெட்டுறியா, விறகு பிளக்குறியா? தள்ளு, நான் வரேன்."

நாற்காலிக் கையை ஊன்றி எழப் பார்த்தார். பாதி எழுந்தார். அப்படியே விழுந்து உட்கார்ந்தவர், தன் தொடையை ஓங்கி ஒரு அறை விட்டார். நாங்கள் இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

கருகிய ஆட்டுக்கறியும் மசித்த கிழங்கும் தட்டில் வந்தன. நோலா ஒரு வாய் மென்றார். நிறுத்தினார்.

"உப்பே இல்ல."

"ஆஸ்பத்திரியில குறைக்கச் சொன்னாங்கம்மா."

"அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போனைப் போடு" என்றார் நோலா. "யாரு சொன்னான்னு நான் கேக்குறேன்."

சொல்லிவிட்டு, மகன் போனை எடுக்கிறானா என்று பார்த்தபடியே, தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டிருந்தார்.