எங்கள் கிணற்றின் பேரில் போன தண்ணீர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் இந்தக் கோபத்தை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பாகம் பிரித்தபோது நிலம் இரண்டானது, கிணறு ஒன்றுதான். அண்ணனும் நானும் முறை வைத்து, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிறோம். தண்ணீர் உப்பு. மிளகாய் நட்டால் இலை ஓரம் கருகும். பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூக்கும்.

யுத்த காலத்தில் விவசாய இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து ஊர் வரைபடம் போடுவார்களாம். நல்ல தண்ணீருக்கு நீலப் புள்ளி, உப்புக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தவனுக்கு ஓடைப் புறம்போக்கில் புதுக் கிணறு வெட்ட அனுமதி உண்டு. ஓடையோரத்தில் எங்கே தோண்டினாலும் நல்ல தண்ணீர். அந்த அனுமதி வந்தால் என் மிளகாய் பிழைக்கும் என்று காத்திருந்தேன்.

அதிகாரி ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. சாவடியில் உட்கார்ந்து சீசாக்களைக் கொடுத்தார், அவரவர் கிணற்றில் மொண்டு வரச் சொன்னார். நான் கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சீசாவை அண்ணன் வாங்கிப் போனார்.

படம் வந்தது. எங்கள் கிணறு நீலம். பக்கத்துத் தோட்டமும் நீலம். உப்பு பூத்துக் கிடக்கிற ஊரில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை.

அண்ணனைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"உப்புக் கெணத்துக்காரன்னு சர்க்காரே எழுதி வெச்சா என்ற பையனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? கோயல் கெணத்து நல்ல தண்ணிய மொண்டு குடுத்தேன். நான் மட்டுமா? அத்தன பேரும் அங்கதான் சீசாவோட நின்னாங்க."

"என்ற மொளகாயி?"

"ஒரு சீசாத் தண்ணிக்கு மூஞ்சியத் தூக்காத போ."

ஒரு குடம் எங்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டு சேலத்துக்குப் போனேன். அதிகாரியின் மேசை முன்னால் நின்று, "ஏனுங்க எசமான், இதுதானுங்க எங்க கெணத்துத் தண்ணி. ஒரு வாய் பாருங்க" என்றேன். அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிது.

"படத்துல உங்க ஊரே நீலம். இதை நீ கடல்ல மொண்டாந்தியா?" என்றார். குமாஸ்தா சிரித்தான். நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஓர் ஊரின் எல்லாச் சீசாவிலும் ஒரே தண்ணீர் இருந்தது இவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல தண்ணீர் ஊர்ப் பெண். வந்த வாரமே அடுப்படியிலிருந்து வந்து கேட்டாள்:

"ஏனுங்க மாமா, பருப்பு வேகவே மாட்டீங்குதுங்க."

"வெறகு ஈரம், அம்மிணி" என்றார் அண்ணன்.

விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"வெறகு இல்ல அம்மிணி. உப்புத் தண்ணி. மாமனாரு கோயல் கெணத்துத் தண்ணியக் காட்டி உன்னயப் பொண்ணு எடுத்துட்டாரு" என்றேன்.

ஒருவரும் சாப்பிடவில்லை. அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நானும் போய்ப் பேசவில்லை, போகவும் மாட்டேன். கருகிய மிளகாயை இன்று காலை பிடுங்கி எறிந்தேன். இனி அந்தப் பாத்தியில் உப்பைத் தாங்கும் சோளம்தான்.

விய வருடம், ஐப்பசி 9.