நான்காவது ஜோடி

டெக்சாஸில், எங்கள் ரிச்சர்ட்சனில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், சாம்பார் ஊற்றிக்கொள்ளும் சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். டெலிகாம் இன்ஜினீயர், மீட்டரில் காட்டாததை நம்ப மாட்டேன். ஆனால் இதை நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டில் சென்னைக்கு லீவில் போகிற வழியில் நானும் மனைவி வசந்தியும் நாலு வயது மகள் நித்யாவும் இத்தாலியில் இரண்டு நாள் தங்கினோம். ஏரிக்கரையில் ஒரு பழைய ஊர். அடேயப்பா, அந்த நீலத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை, அரை மணி நேரத்தில் ஒரு ஃபிலிம் ரோல் காலி. தண்ணீருக்கு இறங்கும் படிகளின் மேலே எண்ணூறு வருடத்து சர்ச். பழக்கதோஷம், கோயிலுக்குப் போவதுபோல ஷூக்களை வாசலிலேயே வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். டூரிஸ்டுகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபடி வசந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் குழந்தை இல்லை.

"உங்க கையப் புடிச்சிட்டுதானே நின்னா?" என்றாள் வசந்தி. வெறுங்காலோடு வெளியே ஓடினோம். படிக்குக் கைப்பிடிகூடக் கிடையாது, கீழே ஆழமான ஏரி.

நித்யா எங்கள் ஷூக்களுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். தலையும் கவுனும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அவள் பக்கத்தில் மூன்றல்ல, நாலு ஜோடி. நாலாவது, பொத்தான் வைத்த, அந்தக் காலத்துப் பெண்கள் பூட்ஸ். அதில் துளி ஈரமில்லை.

"தண்ணில விழுந்துட்டியாடா கண்ணா?" என்றேன்.

"ஆன்ட்டி காட் மீ" என்றாள். யாரோ ஓர் ஆன்ட்டி பிடித்துத் தூக்கினாளாம்.

"எந்த ஆன்ட்டி? என்ன சொன்னாங்க?"

தமிழ் புரிந்தாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், அன்று பிசிறில்லாமல் தமிழில் சொன்னாள்: "செருப்பப் பாத்துக்கோ, வந்துடுறேன்."

செருப்புக்கு ஆளைக் காவல் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். டெக்சாஸில் பிறந்தவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? வசந்தி அவளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு அழுதாள். எனக்கோ யார் காலிலாவது விழுந்து நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது. கடைசிப் படகு வரை காத்திருந்தோம், யாரும் வரவில்லை. சர்ச் கதவைப் பூட்ட வந்த பெரியவர் பூட்ஸைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அதைத் தொடாமல் சுற்றிப் போனார்.

நித்யாவுக்கு இப்போது எதுவும் ஞாபகமில்லை. எனக்குத்தான் அந்த 'வந்துடுறேன்' உறுத்துகிறது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, உள்ளே இருக்கும் ஆட்களையும் எண்ணிவிட்டுத்தான் இன்றைக்கும் கதவைச் சாத்துகிறேன்.