சிவப்பு டெக்குக்கு வைத்த பொட்டு

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றால் ஆறாவது நிமிடம் ஏதாவது ஷேர் ஆட்டோவில் இருப்பேன். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன் என்பதால் எங்கள் வீட்டில் பால் காய்ச்சும் வேலையை என்னிடம் கொடுப்பதே இல்லை. இப்படிப்பட்டவள் கார்டு விளையாட்டில் சிவப்பு டெக் கட்டியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெங்களூரில் இருந்தபோது உடன் வேலை பார்த்த ஒருத்தி சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. ஜப்பான் அனிமே பாத்திரங்களின் படம் போட்ட கார்டுகள். அவரவர் ஐம்பது கார்டுகளைப் பொறுக்கி ஒரு கட்டாகச் சேர்க்க வேண்டும், அதுதான் டெக். ஒரே கார்டை நான்குக்கு மேல் வைக்கக்கூடாது. ஆளுக்கு ஐந்து உயிர். பொறுமையாகத் தடுத்து, பலம் சேர்த்து, கடைசியில் அடிக்கிற டெக்குகள் உண்டு. சிவப்பு நிறக் கார்டுகளால் கட்டிய என்னுடையது எடுத்த எடுப்பிலேயே அடி. தடுப்பதற்கென்று ஒரு கார்டுகூட அதில் கிடையாது. ஐந்தாவது முறைக்குள் எதிராளியை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் கையில் கார்டு தீர்ந்துவிடும். அப்புறம் முறைக்கு ஒன்று எடுத்து, அதையும் இறக்கிவிட்டு, எதிரே இருப்பவர் நம்மை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தக் கையாலாகாத நேரம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

அந்த டெக்கின் உயிர் ஒரே கார்டின் நான்கு பிரதிகள். எரிகிற வாளை ஓங்கியபடி தலைமுடி பறக்க ஒரு பெண் பாய்ந்து வருவாள். மற்ற கார்டுகளை இறக்கினால் அடுத்த முறைதான் அடிக்க முடியும். அவள் இறங்கிய உடனே அடிப்பாள், அவளுக்கும் காத்திருக்க வராது. நான்கையும் சேர்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது. தருமபுரியில் இதை விற்கிற கடை கிடையாது. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கெஞ்சிக் கேட்டு, என்னிடம் இருந்த நல்ல கார்டுகளையெல்லாம் மாற்றிக் கொடுத்து வாங்கியவை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டேன். வந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பூ வைத்து உறுதியும் செய்தார்கள். அதற்கப்புறம் நான் வேண்டாம் என்றேன். என்ன காரணம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. மனசு ஒட்டவில்லை, உடனே சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் ஒரு வாரம் யோசித்திருக்கலாம். அப்பாவை முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். நான் மாப்பிள்ளை வீட்டுக்கே போன் போட்டுச் சொன்னேன்.

அதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. அவர் திட்டவும் இல்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார்.

"அவள சாப்புடச் சொல்லு."

"மத்தியானம் கரண்டு இருக்காதாம். கம்ப்யூட்டர இப்பவே சார்ஜு போட்டுக்கச் சொல்லு."

இரண்டு வருஷம் இப்படியே போனது. நானும் சில தடவை, "அப்பா, மோட்டார் போடட்டுங்களா?" என்று நேராகக் கேட்டுப் பார்த்தேன். அவர் எழுந்து போய் அவரே போட்டுவிட்டு வருவார். சாயங்காலமானால் நான் அறையில் உட்கார்ந்து, மேஜைக்கு நேராக போன் கேமராவைக் கட்டித் தொங்கவிட்டு, எங்கெங்கோ இருப்பவர்களோடு சிவப்பு டெக்கை விளையாடுவேன். ஜெயித்தால் மேஜையைத் தட்டுவேன். ஜன்னல் திறந்தே இருக்கும். அப்பா வெளியே சாமந்திப்பூ மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருப்பார்.

போன ஆயுத பூஜை அன்று பொரியும் பழமும் வாங்க தருமபுரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது டிராக்டர் கழுவிப் பொட்டோடு நின்றது. கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், அம்மாவின் தையல் மெஷின், என் லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. லேப்டாப்புக்குப் பக்கத்தில் என் டெக் பெட்டி திறந்திருந்தது. அதன்மேல் அந்த நான்கு கார்டுகள். பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, வரிசையாக வைத்து, நான்கு பெண்களின் நெற்றியிலும் அப்பா சந்தனம் வைத்திருந்தார். நெற்றி சின்னது, அவர் விரல் பெரியது. சந்தனம் அவள் கண், மூக்கு எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதன்மேல் குங்குமம், ஆளுக்கொரு சாமந்தி இதழ்.

அப்பா தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து, "உன்னுதுக்கும் வெச்சுருக்கறன்" என்றார்.

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. ஏழு மாதம் அலைந்து சேர்த்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் போட்டி.

"நல்லாருக்குதுப்பா" என்றேன்.

அன்று முழுக்க அவை அங்கேயேதான் இருந்தன. பூஜைக்கு வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். எடுத்தபோது சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பஞ்சால் துடைத்தேன், மஞ்சள் கறை போகவில்லை. ஈரம் குடித்த அட்டை நடுவில் உப்பி, ஓரத்தில் வளைந்துவிட்டது. துணியில் சுற்றி அம்மிக்கல்லுக்கு அடியில் நான்கு நாள் வைத்தேன். புது உறை போட்டேன். பார்ப்பதற்குச் சரியாகிவிட்டதாக என்னை நானே நம்பவைத்தேன்.

பெங்களூரில் முதல் மூன்று ஆட்டங்களை ஜெயித்தேன். நான்காவது ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்த கண்ணாடிக்காரப் பையன் என் டெக்கைக் கலைத்துக் கொடுக்கும்போது நிறுத்திவிட்டான். டெக்கை மேஜையில் வைத்துத் தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து பார்த்தான். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான்.

நடுவர் தமிழ்க்காரர். கார்டுகளைக் கவிழ்த்தபடியே கையில் எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தை விரலால் தடவித் தடவி நான்கை மட்டும் உருவி மேஜையில் வைத்தார். திருப்பினார். நான்கும் அவள்தான்.

"அம்பது கார்டுல நாலு மட்டும் வளைஞ்சிருக்குதுங்க. நாலும் உங்க நல்ல கார்டு. கவுத்து வெச்சாலும் எது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிரும்" என்றார். பிறகு ஒன்றை உறையிலிருந்து எடுத்து மோந்து பார்த்தார். "சந்தனமா?"

"ஆயுத பூஜைங்க. எங்கப்பா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கார்டை மறுபடியும் உறையில் போட்டார். "எனக்குப் புரியுதுங்க. எங்க வீட்ல மிக்ஸிக்குக்கூட வெப்பாங்க. ஆனா இத எதுத்தாப்ல உக்காந்திருக்கறவருக்கு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

போட்டி தொடங்குமுன் பட்டியலாக எழுதிக் கொடுத்த ஐம்பதும் இல்லாமல் ஆட முடியாது. அந்த நான்கை வைத்தும் ஆட முடியாது. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரப் பையன் என்னைப் பார்க்காமல் தன் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவளைப் பார்ப்பதற்கு அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். வெளியே வந்ததும் வந்த கோபத்தில் நான்கையும் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி என்று பஸ் வர வர, அப்பாவிடம் கேட்க வேண்டியதைத் தயார் செய்துகொண்டே வந்தேன். உறை எதுக்குப் போட்டிருக்கறன்னு ஒரு நிமிசம் யோசிக்க மாட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா? ரெண்டு வருசம் பேசாம இருந்துட்டு, என் பொட்டியில கை வெக்க மட்டும் தெரியுதா? நல்லம்பள்ளியில் இறங்கும்போது எல்லாம் நுனி நாக்கில் இருந்தது.

இறங்கினால், பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அந்த இடத்திலிருந்து ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"என்ன ஆச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

"ஜெயிச்சுட்டன்ப்பா" என்றேன்.

"பின்ன! பொட்டு வெச்சமில்ல" என்று வண்டியை உதைத்தார். வீடு சேரும்வரை தக்காளியில் விழுந்த பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து "ம்" போட்டேன்.

அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. பால் சொசைட்டியில் எல்லோரிடமும், "எம்பொண்ணு பெங்களூரு போயி ஜெயிச்சுட்டு வந்துச்சு" என்று சொன்னார். என்ன ஆட்டம் என்று யாரோ கேட்டதற்கு, "சூதாட்டமில்லீங்க, படம் போட்டிருக்கும். நம்ம பாப்பா எடுத்த ஒடனே அடிக்கிற கட்சி" என்றாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள். நான் பொய் சொன்னதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நான்கு கார்டுகளை மறுபடியும் சேர்த்தேன். மறுபடியும் கெஞ்சல், மறுபடியும் மாதக்கணக்கு. கடைசிப் பிரதி தபாலில் வந்த வாரமே பெங்களூரில் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். கிளம்புகிற அன்று காலை குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் டெக் பெட்டி.

"அப்பா, பொட்டி மேல வெச்சாப் போதுங்கப்பா."

"மோட்டாரு ரூமுக்கா பொட்டு வெக்கறோம்? மோட்டாருக்குத்தான வெக்கறோம். எடு அந்த நாலையும்."

"எதுக்குப்பா அந்த நாலு மட்டும்?" அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "அது கையில வந்தா நீ நிமிந்து ஒக்காருவ. தெனமும் ஜன்னல்ல பாக்கறனே."

உறைகளைப் பிரித்து நான்கையும் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "பழைய பொட்டு சுத்தமா அழிஞ்சிருச்சு பாரு" என்று மோதிர விரலால் தொட்டு ஒவ்வொன்றுக்கும் வைத்தார். நான்கையும் கையில் ஏந்தி, வாயால் ஊதி ஊதிக் காய வைத்தார்.

"ஈரத்தோட கவர்ல போட்றாத பாப்பா, வளைஞ்சுரும்" என்றார்.

"சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, காய்கிறவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.