துணிப் பிள்ளையைப் புதைத்த நாள்

கண்டிக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்துக்குச் சினிமாக்காரர்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர்கள் எடுக்க வந்தது கோப்பிக் காலத்துக் கதை. இந்த மலைகளில் தேயிலை வருவதற்கு முன்னால், கோப்பி விளைந்த நாட்களில், இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகவே வந்து சேர்ந்த சனங்களின் கதை. அந்தச் சனங்களின் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள் என்பது சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

தோட்டம் முழுக்கத் தேயிலை. கோப்பி என்று பார்த்தால், மாட்டுப்பட்டிக்குப் பின்னால் கேட்பாரில்லாமல் காடாக வளர்ந்து நின்ற சில செடிகள்தான். அதுவும் பழக்காலம் இல்லை. ஆகவே கொழும்பிலிருந்து வந்த இருவர் சிவப்புச் சாயம் தோய்த்த மணிகளை நூலில் கோத்து, பொழுதெல்லாம் உட்கார்ந்து கிளை கிளையாகக் கட்டினார்கள். கேமரா உருண்டு போவதற்குத் தண்டவாளம் போட ஒரு கூட்டம். வெயிலைப் பிடித்து முகத்தில் திருப்புவதற்குப் பளபளக்கும் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சிங்கள அண்ணன்மார் நாலு பேர். நீளக் கம்பின் நுனியில் மைக்கைத் தொங்கவிட ஒருவர். அதில் கேட்பதைக் காதுகளை மூடிக்கொண்டு கேட்க இன்னொருவர். முகத்துக்குப் பூச்சுப் போட, முடியைக் கலைக்க, குடை பிடிக்க, "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போட, எல்லாவற்றுக்கும் ஆள். இத்தனை பேருக்கும் ஆக்கிப் போட மடவளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா பெரிய தேக்சாக்களோடு வந்து, மலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்தார். படம் என்றால் நடிக்கிறவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் நடிக்கிறவர்கள்தான் குறைச்சல்.

தோட்டத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா தண்டவாளம் தூக்கினார். அம்மா தலையில் மூட்டையோடு கூட்டத்தில் நடக்க வேண்டும். அவளுக்கென்று வேடம் போட வேண்டியிருக்கவில்லை, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் தனியாக ஒரு காட்சி இருந்தது. கூட்டத்தில் கடைசியாக நடந்துபோகும் சிறுமி, வளைவில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் கேமராவில் என் முகம் மட்டும்தான் இருக்கும் என்று டைரக்டர் ஐயா சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெயிலுக்கு ஒரு துணித்தொப்பி போட்டிருப்பார், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அன்றிலிருந்து நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும், பள்ளிக்கூடம் போனாலும், வழியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது சித்தி எங்களோடு இருந்தாள். அம்மாவுக்கு நேர் இளையவள். மலைக்கு அந்தப் பக்கம் தூரத்துத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா ஒருநாள் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். "சித்திக்கு ஒடம்பு சரியில்ல, தொணதொணன்னு எதையும் கேக்காத" என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்தாள்.

சித்திக்குக் குழந்தை பிறந்து, சில நாட்களிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தது. அவள் வார்டில் படுத்திருந்தபோதே ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, அதனால் எழுந்து நடக்கத் தெம்பு வந்த பிறகும் அவளுக்கு அந்த இடத்தை யாரும் காட்டவில்லை. இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. அம்மா கண்டி மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பூ வாங்கிவந்ததும், அதைச் சித்தி தலையில் வைக்காமல் உள்ளே எடுத்துப்போனதும்தான் தெரியும். பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்டிய பூ அது. மறுநாள் சாம்பல்மேட்டில் வாடிக் கிடந்ததைப் பார்த்து, இவ்வளவு பூவையும் வீணாக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

சித்தி நன்றாகத் தைப்பாள். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிடக் கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது என்று அம்மாவே போய் உடுப்புக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டரிடம் சொல்லி, அவளைச் சேர்த்துவிட்டாள். வேலை விநோதமான வேலை. கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாகப் புதுத் துணி வந்திருந்தது. அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, அங்கங்கே கிழித்து, கிழித்த இடத்தைத் தைத்து, பழந்துணி ஆக்க வேண்டும். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் போய்க் கேட்டிருந்தால் தேய்க்காமலே வேண்டியது கிடைத்திருக்கும். சித்தி தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது என்று அம்மா அப்பாவிடம் சொல்லி ஆறுதல்பட்டாள்.

நாலைந்து நாள் கழித்து மாஸ்டர் ஒரு துணிப் பிள்ளை வேண்டும் என்றார். கதையில் ஒரு தாய், வழியிலேயே இறந்துபோன கைக்குழந்தையைப் பாதையோரத்தில் புதைத்துவிட்டு நடக்கிறாள். அதற்கு ஒரு பொம்மை. அம்மாவுக்கு இது தெரியாது, அவள் அன்று மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி கந்தலைச் சுருட்டி மரத்தூள் வைத்து மூட்டினாள். இரு கையிலும் ஏந்திப் பார்த்தாள். பிரித்து இன்னும் கொஞ்சம் மரத்தூள் போட்டாள். மறுபடியும் ஏந்திப் பார்த்தாள்.

"போதும் தங்கச்சி, தூரத்துல இருந்துதான எடுக்குறாங்க" என்றார் மாஸ்டர்.

"சித்தி, மொகம் வரையலியா?" என்று நான் கேட்டேன்.

"மொகம் வேணாம்டி" என்றாள் சித்தி. பழைய வெள்ளைத் துணியில் அதைத் தலையோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அந்தக் காட்சியையும் என் காட்சியையும் ஒரே சாயங்காலத்தில் எடுப்பதாக இருந்தது. மறுநாள் காலையில் எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறார்கள். பழைய கோப்பி ஸ்டோரின் இடிந்த சுவருக்குக் கீழே போகும் மண்பாதையில் கேமராவை வைத்தார்கள். கூட்டம் களைத்து உட்கார்ந்திருக்கும். கங்காணியாக நடிப்பவர் எழுந்து நடக்கச் சொல்லிக் கத்துவார். தாயாக நடிக்கிற அக்கா ஒரு குச்சியாலும் கையாலும் மண்ணைத் தோண்டி, துணிப் பிள்ளையை வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே கல்லை அடுக்கிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். அது முடிந்ததும் நான் கடைசி ஆளாக வந்து வளைவில் திரும்பி, அந்தச் சின்ன மண்மேட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை எடுத்தபோது சித்தி அட்டை பிடித்திருந்தவர்களைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள். நிழல் விழுகிறது என்று அவர்களில் ஒருவர் சைகை காட்டியது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்தாள். மண் எப்படி விழுகிறது, கல்லை எப்படி வைக்கிறார்கள் என்று பாடம் படிப்பதுபோலப் பார்த்தாள். நன்றாகத்தான் எடுத்தார்கள். ஆனால் கீழே கண்டி ரோட்டில் போன பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டது. கோப்பிக் காலத்தில் பஸ் ஏது? கல்லை எடுத்து, மண்ணை விலக்கி, பிள்ளையை வெளியே எடுத்தார்கள். தூசி தட்டி முடிச்சைச் சரிசெய்து கொடுப்பது சித்தியின் வேலை. தட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை மேகம் மறைத்தது. பிறகு, கங்காணிக்கு வசனம் தடுமாறியது. பிறகு அக்காவின் கையில் கடிகாரம் கட்டிய தடம் வெள்ளையாகத் தெரிகிறது என்று கேமராக்காரர் சொன்னார், பூச்சுக்காரர் ஓடிவந்தார். ஒவ்வொரு தடவையும் புதைத்தார்கள், ஒவ்வொரு தடவையும் தோண்டினார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அடுத்தது என் காட்சி என்பதால் அவசரமாகவும் இருந்தது. சித்தி தூசி தட்டுவது வரவர மெதுவாகிக்கொண்டே போனது. துணி மடிப்பில் ஒட்டிய மண்ணை விரல்நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

எத்தனையாவது தடவையோ, அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, அதைத் தாங்கோ. வெயில் போகப்போகுது" என்றார் டைரக்டர்.

சித்தி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒருக்கா மட்டும்தான். பிறகு கேட்கமாட்டன்."

"எத்தன தடவங்க பொதைப்பீங்க?" என்றாள் சித்தி.

சத்தம்கூடப் போடவில்லை. கடையில் விலை கேட்கிற குரல்தான். யாரோ சிரித்தார்கள். துணி அழுக்காவதைத்தான் சித்தி சொல்கிறாள், அவள்தானே ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டியிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். மாஸ்டர் வந்து கையை நீட்டினார். அவள் ஓரடி பின்னால் போனாள். அட்டைக்காரர்கள் அட்டையைத் தூக்கியபடி, கேமரா தள்ளுகிறவர்கள் வண்டியில் கைவைத்தபடி, முழுக் கூட்டமும் அப்படியே நின்றது. மைக் இன்னும் சித்தியின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காதுகளை மூடியிருந்தவர் மட்டும் மெல்ல ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காத எதையோ அவர் கேட்டிருக்க வேண்டும்.

அப்போது அம்மா தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, கேமராவுக்குக் குறுக்கே நடந்து வந்தாள். அப்படி வரவே கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். டைரக்டரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நான் வளைவுக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றியது தெரிந்தது. தாயாக நடித்த அக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் கையைக் காட்டினார். பளபளத்த அட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"இண்டைக்குப் போதும்" என்றார் அவர். "எல்லாத்தையும் கட்டுங்கோ."

நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "ஐயா, இன்னும் வெயில் இருக்குங்க. என்னோட சீனு?"

அவர் என் தலையில் கைவைத்தார். "அது தேவையில்லை, குஞ்சு" என்றார்.

அம்மா டைரக்டரிடம் என்ன சொன்னாள் என்பதை, பல வருடம் கழித்து என் தலைப்பிள்ளை பிறந்து, பால் கட்டி நான் காய்ச்சலில் கிடந்தபோதுதான் எனக்குச் சொன்னாள். "இவ புள்ள போயி ஒரு மாசங்கூட ஆகலீங்க ஐயா, பொதச்சத இவ பாக்கவுமில்லீங்க" என்றாளாம். எந்தக் காட்சி என்று தெரிந்திருந்தால் அன்று சித்தியை வீட்டைவிட்டே விட்டிருக்கமாட்டேன் என்று சொல்லி, அத்தனை வருடம் கழித்தும் அம்மா அழுதாள். அந்தப் படத்தை நாங்கள் கண்டியில் ஒரு தியேட்டரில் பார்த்தோம். எங்கள் லயமே திரண்டு போயிருந்தது, சித்தி வரவில்லை. பாதையோரத்தில் புதைக்கிற இடம் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கடுத்த காட்சியில் அந்தச் சனங்கள் கண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் துணிப் பிள்ளையைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. சித்தி அதை மார்போடு அணைத்தபடி லயத்துக்கு நடந்து வந்தாள். அம்மா ஒரு எட்டுப் பின்னால் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சித்தி வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தாள். தான் போட்ட தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். மரத்தூளைத் தேயிலைச் செடிகளின் அடியில் கொட்டினாள். கந்தலைத் தனியாக வைத்தாள். வெள்ளைத் துணியைப் பீலியில் அலசிக் கொடியில் காயப்போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், செய்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

நான் சுவரோரம் நின்று விம்மிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. நாளை என்ன முகத்தோடு போவது? கோப்பிக் காலத்துச் சிறுமிக்காகக் கலைத்துவிட்ட முடி கண்ணை மறைத்தது. சித்தி என்னைப் பார்த்தாள். கூப்பிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையை மடியில் ஏற்றி உட்கார வைத்து, முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அழுவாத சாமி" என்றாள். "அழுவாத."

சொல்லிக்கொண்டே இருந்தவள் திடீரென்று என்னை இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டும்படி இறுக்கினாள். அவள் உடம்பு குலுங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சித்தி அழுது நான் பார்த்ததில்லை, இப்படி ஒரு சத்தம் ஒரு ஆளுக்குள்ளிருந்து வரும் என்றும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அம்மா அடுப்படியில் நின்றாள், கிட்டே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

என் காட்சி போய்விட்டதே என்றுதான் சித்தி இப்படி அழுகிறாள் என்று நினைத்தேன். என்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் அழுகை நின்றது. அவள் கன்னத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டேன்.

"பரவால்ல சித்தி" என்றேன். "அவுங்க இன்னொரு படம் எடுக்க வருவாங்க."