உட்கார்ந்தவரை மட்டும் பிடிக்கும் வெளிச்சம்

என் மகள் எக்ஸ்ரே வேலை பார்க்கிறாள் என்று பம்பாய் மான்குர்த்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவள் வெளிநாட்டிலிருந்து வந்த மறுநாளே எதிர்வீட்டுக்காரி தன் முழங்கால் படத்தை உறையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது டாக்டர் பாக்கணும். எனக்குத் தெரியாது" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

அடுத்த திங்கட்கிழமை இங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நேர்காணல். வேலை கிடைத்தால் பம்பாயில் இருப்பாள். கிடைக்காவிட்டால் மறுபடி அந்தக் குளிர் ஊருக்குப் போய்விடுவாள். திரும்பி வர எத்தனை வருஷமோ. அவள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கேள்வி கேட்கப் போகிறவர்களில் பாதிப்பேர் வேறு படிப்புக்காரர்களாம். "யம்மா, நீ கேளு. ஒனக்குப் புரிஞ்சா அவங்களுக்கும் புரியும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

மெல்லிய உலோகத் தகடு ஒன்று. அதன்மேல் எக்ஸ்ரே வெளிச்சம். நூறு பங்கு விட்டால் தகடு தொண்ணூறை விழுங்கிவிடும், பத்துதான் தாண்டிப் போகும். வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினால் விழுங்குவதும் இரண்டு மடங்கு. இதுவரை சரி. ஆனால் அவள் வேலை பார்க்கும் லேசர் இயந்திரம் அத்தனை வெளிச்சத்தையும் ஒரு துளி நேரத்தில், ஒரே புள்ளியில் கொட்டும். கண் இமைப்பதெல்லாம் அதற்கு ஒரு யுகமாம். அப்போது இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. தகடு விழுங்குவதை விட்டுவிட்டு, கண்ணாடி மாதிரி வழிவிடுகிறது.

"ஏன்?" என்றேன்.

ஏதேதோ சொன்னாள். "புரியலட்டி" என்றேன். வேறு மாதிரி சொன்னாள். அதுவும் புரியவில்லை. மூன்றாவது தடவை பேனாவைத் தூக்கிப் போட்டாள்.

"சும்மா தலையாட்டேம்மா! எனக்கு தைரியமாவது வரும்."

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி காட்டி ஒரு வீட்டுலயும் நான் வேல பாத்ததில்ல."

மாட்டுங்காவில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தவள் நான். இங்கே நான் தலையாட்டிவிடலாம். நாளைக்கு அங்கே அவர்கள் ஆட்ட வேண்டுமே.

அடுத்த வெண்டைக்காயை எடுத்துக்கொண்டே, "வெளிச்சத்த விழுங்குதது யாரு?" என்று கேட்டேன்.

"அணுவுல உள்வரிசையில இருக்க எலெக்ட்ரான். வெளிச்சத்த வாங்கிக்கிட்டு அது வெளிய ஓடிரும். வெளிவரிசையில இருந்து ஒண்ணு வந்து அந்த எடத்துல உக்காந்துரும்."

"முன்னாடியே சொல்லி வச்சிருக்குமோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மான்குர்த்தில் ரயில் ஏறி குர்லாவில் மாறி வேலைக்குப் போன காலமெல்லாம், லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம் நான் கேட்பது, "கிதர் உதர்னேகா?" எங்கே இறங்குவாள் என்று கேட்டு இடத்தைச் சொல்லி வைத்துவிட்டால், அவள் எழுந்த நொடியில் நாம் உட்காரலாம். வேறு எவளும் அதில் வாய் திறக்க முடியாது.

"இரும்மா, இரு" என்று மகள் எழுந்தே நின்றுவிட்டாள். "வெளிச்சந்தான் டிசி. டிக்கெட் செக் பண்ண அவரு டப்பாவுல ஏறுதாருன்னு வையி. உக்காந்திருக்கவகிட்ட மட்டும்தான் டிக்கெட் கேப்பாரு. ஒருத்தியப் பிடிச்சிக் கூட்டிக்கிட்டு எறங்கிருவாரு. அந்த சீட்டுல இன்னொருத்தி உக்காருவா. அடுத்த டிசி அவளப் பிடிப்பாரு."

"எல்லாவளும் வித்தவுட்டா?"

"எல்லாவளும் வித்தவுட்டுதான். இப்ப ஆயிரம் டிசி ஒண்ணா ஏறுனா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். "முன்னால ஏறுனவுக சீட்டுல இருக்கவள எல்லாம் கூட்டிட்டுப் போயிருவாவ. நிக்கவ உக்காருததுக்குள்ள மத்த டிசியெல்லாம் வந்துருவாவ. பிடிக்க ஆளில்ல. இந்தக் கதவுல ஏறி அந்தக் கதவுல எறங்க வேண்டியதுதான்."

"அவ்வளவுதாம்மா!"

"அப்ப அந்த டப்பா என்னாவும்?"

"டப்பாவே மிஞ்சாது. வெடிச்சிப் போயிரும். ஒவ்வொரு தடவையும் தகட்டுல புது எடத்துலதான் வெளிச்சத்தப் பாய்ச்சணும்."

"அட பாவி."

"தகடுதானம்மா!"

இப்போது புரிகிறது என்று சொன்னேன். அவள் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். அதில் நான் எங்கேயும் குறுக்கே பேசவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "டிசியச் சொன்னியா?"

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்காம, நிக்குதவ உக்கார எவ்வளவு நேரமாவும்னு கேட்டாரு."

"ஒனக்குத் தெரியுமா?"

"அத அளக்கத்தானம்மா இத்தன வருசம் அங்க இருந்தேன்."

மூன்று வாரம் கழித்து வேலை உறுதியானது. கூடவே இன்னொன்றும் சொன்னாள். அந்த இயந்திரம் இந்தியாவில் இல்லை. மனுப் போட்டுக் காத்திருந்து, முறை கிடைக்கும்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் போய் வர வேண்டுமாம்.

"எத்தன நாளு?"

"அஞ்சு நாளு. மிஞ்சினா பத்து."

"போயிட்டு வா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இங்கயே இருக்கணும்னு ஒனக்கு ஆசதான? ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா, ஒனக்காவத்தான் வந்தேன்னு என்னைக்காவது சொல்லிக் காட்டுவ."

"சொல்லத்தான் செய்வேன்" என்றாள்.