ராணிச் சிப்பாய்க்கு அம்மா சொன்ன பதில்

ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குகிறவர்களை எனக்கு இன்று வரை பிடிக்காது. பத்து வயதில் மீஞ்சூர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அந்தச் சிப்பாயை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, என் முகத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்காமல் பதினாறே நகர்த்தலில் என்னைக் கவிழ்த்தாள். கைகுலுக்கும்போதும் அவள் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தபோது, முதல் பலகையில் மறுபடியும் அவளும் நானும். வெள்ளைக் காய் மறுபடியும் அவளுக்கு.

வீட்டில் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் சதுரங்கப் பலகை பரணுக்குப் போய்விடும். நான் செஸ், செஸ் என்று கிளம்பிவிடுவதால், மகள் ஒருத்தி இருந்தும் சனிக்கிழமைகளில் தன்னோடு இறால் உரிக்க ஆள் இல்லை என்பது அவள் வழக்கு. எங்கள் வீட்டுப் பரணுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. என் தொட்டில் அங்கேதான் இருந்தது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் ரேடியோவும் அங்கேதான் இருந்தது.

ஆக, அந்த ஒரு சிப்பாய்க்கு என்ன பதில் சொல்வது என்பது என் வாழ்வா சாவா பிரச்சினை. பதில் சொல்ல வீட்டிலேயே இரண்டு வல்லுநர்கள் இருந்தார்கள்.

அண்ணன் பள்ளி நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஒரு சதுரங்கப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். அதன்படி நானும் ராணிக்கு முன்னால் நிற்கும் என் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அவளுடையதோடு முட்டவிட வேண்டும். பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் ஐந்து நகர்த்தல் வரை இருந்தது. அதற்கடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். ஆறாவதாக என்ன செய்வது என்று கேட்டால், அதற்குள் அவள் பயந்துவிடுவாள் என்பான்.

சித்தப்பா, நைனாவின் தம்பி, மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். ரயிலில் ஒருவர் காந்தப் பலகை வைத்துக்கொண்டு ஆடுவாராம். அவரிடம் கற்ற வித்தை சித்தப்பாவுடையது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். அவள் அதை வெட்டுவாள். பிறகு நம் ராணி குறுக்கே புகுந்து, எட்டாவது நகர்த்தலில் கதை முடிந்துவிடும். தூண்டிலில் இரை மாட்டுவது போலத்தான் என்றார். இது பலிக்கும் என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம், அதே வித்தையில் அவரே மூன்று முறை தோற்றிருக்கிறார் என்பது.

அண்ணனும் சித்தப்பாவும் இரண்டு நாள் கத்தினார்கள். ஒருவர் பலகையில் அடுக்கி வைத்ததை மற்றவர் கலைத்தார். மூன்றாம் நாள் நைனாவுக்குப் பொறுமை போயிற்று. சதுரங்கத்தில் எந்தக் காய் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும். பாடு போட வேண்டும்.

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம் அள்ளிக்கொண்டு வரும், சேற்றுப் பக்கம் வலையைக் கழுவிக்கொண்டு வரலாம். அதனால் ஊரில் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துவிடுவார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உன்னுடையது. ஊர்த் தலைவராகவே இருந்தாலும் அங்கே வலையை நனைக்க முடியாது. மீறினால் ஊரே கூடிவிடும். கல்யாணமான ஆம்பளைகளுக்குத்தான் பாடு உண்டு. முப்பது வயதாகியும் பெண் அமையாத சித்தப்பாவுக்குப் பாடு கிடையாது என்பதில் எங்கள் குடும்பமே வருத்தப்பட்டது. நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நைனா ஒரு காகிதத்தைக் கிழித்து இரண்டு சீட்டு எழுதினார். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

"எனக்கும் ஒரு சீட்டு எழுது," என்றாள் நைனாவிடம்.

"உனக்கு இன்னாத்துக்குமே? குதிர எது, யான எதுன்னு தெரியுமா உனக்கு?"

"உனக்கு மட்டும் தெரியுமா? இந்த வூட்ல நானுந்தான் கீறேன். எழுது."

நைனா சிரித்துக்கொண்டே எழுதினார். நான்தான் சீட்டு எடுத்தேன். முதலில் அண்ணன், அடுத்து சித்தப்பா, மூன்றாவது அம்மா. திங்கட்கிழமையிலிருந்து முறை ஆரம்பம். யாருடைய நாளோ அன்று அவர்கள் சொல்லும் பதிலைத்தான் நான் ஆட வேண்டும். மற்றவர்கள் பலகைப் பக்கமே வரக்கூடாது.

திங்கள் அண்ணனுடையது, முட்டி நின்றேன். செவ்வாய் சித்தப்பாவுடையது, தூண்டில் போட்டேன். புதன்கிழமை அம்மா அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்து, பலகையின் ஓரத்தில் கடைசியாக நின்ற சிப்பாயைக் காட்டி, அதை ஒரு அடி எடுத்து வை என்றாள். எந்த ஓரம் என்று கேட்டேன். ராணி இருக்கும் பக்கத்து ஓரம் என்றாள். பிறகு என்று கேட்டதற்கு, பிறகு உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான்.

சிரித்து முடித்து எழுந்தவன் விரல் விட்டு எண்ணினான். வியாழன் அவன், வெள்ளி சித்தப்பா, சனி அம்மா. போட்டி சனிக்கிழமை.

அதன்பின் அம்மாவுக்கு நடந்த உபசாரம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. சனிக்கிழமையை மாற்றிக்கொள்ளச் சொல்லி அண்ணன் குடிதண்ணீர்க் குடம் சுமந்தான். சித்தப்பா, "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே திரிந்து, ஒரு கூடை இறாலை உட்கார்ந்து உரித்துக் கொடுத்தார். அம்மா தண்ணீரையும் வாங்கிக்கொண்டாள், இறாலையும் வாங்கிக்கொண்டாள், தன் சனிக்கிழமையை மட்டும் கொடுக்கவில்லை. நைனாவிடம் முறையிட்டதற்கு, பாடு விழுந்தால் விழுந்ததுதான், அதில் நான் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியத்தை உடைத்தான். உன்னைத் தோற்கடிக்கத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள், தோற்றால் பலகை பரணுக்குப் போகும், நீ இறால் உரிக்கப் போவாய் என்றான். எனக்குச் சுருக்கென்றது. கேட்கக் கேட்க அது உண்மையாகவே பட்டது. அம்மாவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கே போய் என் பதிலை ஆடிவிடு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றான் அண்ணன். சித்தப்பாவும் தனியாக வந்து அதையே சொன்னார், அவருடைய பதிலைப் போட்டு.

சனிக்கிழமை காலை என்னோடு வர அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். அம்மா சந்தைக்குக் கட்டும் புடவைக்குப் பதில் நல்ல புடவையில் வந்தாள். யாருடைய பாடோ அவர்கள்தானே போக வேண்டும் என்றாள். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினோம். மீஞ்சூர் வரை நான் சன்னலைப் பார்த்தபடியே வந்தேன். இறங்கும் முன் ஒன்று மட்டும் கேட்டேன், ஏன் அந்த ஓரச் சிப்பாய் என்று.

"நடுவுல நிக்கறதெல்லாம் சண்டைக்குப் போயிட்து. அது ஒண்ணுதான் சும்மா நின்னுகினே கீது. ஒரு அடியாவது வைக்கட்டும்," என்றாள்.

உலகத்தில் எந்தச் சதுரங்க வீரரும் இப்படி ஒரு காரணம் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மீஞ்சூர்ப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். சன்னலைப் பார்த்தாள். அண்ணனின் பதிலை ஆடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். கையை நீட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே சன்னலில், கம்பிகளுக்கு வெளியே, மற்ற பெற்றோர்களை முட்டித் தள்ளிக்கொண்டு அம்மா நின்றாள். அங்கிருந்து பலகை தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் பாடு விழுந்த நாளில் அவர் இடத்தில் வலை போடப் போவது போல இருந்தது எனக்கு. கையை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். ஓரச் சிப்பாயை ஒரு அடி எடுத்து வைத்தேன்.

மீஞ்சூர்ப் பெண் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். மறுபடியும் என் முகம். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அவள் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, குனிந்து, சிப்பாய் ஒரு கட்டம் போகலாமே அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வீட்டில் படித்துவிட்டு வந்த எந்தப் பக்கத்திலும் இந்தப் பதில் இல்லை போலிருக்கிறது. இரண்டாவது நகர்த்தலுக்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். நகத்தைக் கடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மற்ற பலகைகள் எல்லாம் முடிந்து, எங்கள் ஆட்டம் மட்டும் நடந்தது. அவளுடைய குதிரை ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, அம்மா பார்க்கிறாளா என்று சன்னலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே யானையை நகர்த்தினேன். என் ராணிக்குக் காவலாக நின்ற யானை அது. அவள் மந்திரி வந்து ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அரை மணி நேரத்தில் தோற்றேன். இந்தத் தடவை கைகுலுக்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது ஒன்றும் எனக்கு ஆறுதலாக இல்லை.

திரும்பும் ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். கும்மிடிப்பூண்டி தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என் சிப்பாய் இன்னா ஆச்சு?"

அது கடைசி வரை அங்கேயேதான் நின்றது, யாரும் அதைத் தொடவில்லை என்றேன்.

"தொடலியா?" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மகள் தோற்ற அன்று ஒரு தாய் இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்து என் நாள் எப்போது வருகிறது என்று கேட்டாள். ஞாயிறு அண்ணன், திங்கள் சித்தப்பா, செவ்வாய் நீ என்றேன். பலகையைப் பரணில் ஏற்ற நாள் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா நாலு மணிக்கே சமையலை முடித்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்த அண்ணனை, இன்றைக்கு என் நாள் என்று விரட்டினாள். ஏரியிலிருந்து வந்த நைனா டீ கேட்டதற்கு, போட்டுக் குடி என்றாள். நைனா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், போய் அடுப்பைப் பற்றவைத்தார். குதிரை எப்படிப் போகும், காட்டு என்றாள் அம்மா.

நான் வேண்டாவெறுப்பாகக் காட்டினேன். பலகை தப்பித்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாளைக்கு அண்ணன் நாள் வந்தால் ஒழுங்காக ஆடலாம், குதிரை போகும் வழிகூடத் தெரியாத இவளுக்கு எதற்கு மூன்று நாளைக்கு ஒரு நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பெண்களுக்குப் பாடு கிடையாது என்று எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அது அம்மாவுக்கும் தெரியும் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.