அவுட்டோர் வேண்டாம் என்றேன்

பெண் கல்யாணத்தில் போட்டோ, வீடியோவுக்கு எண்பதாயிரம் ஒதுக்கியிருந்தேன். ஆரணியில் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவனுக்கு அதுவே அதிகம். ஸ்டுடியோக்காரர் நீட்டிய பேப்பரில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று இருந்தது. போட்டோ, வீடியோ, இரண்டு ஆல்பம், ட்ரோன், கடைசி வரியில் அவுட்டோர். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்காவது கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்கப் படம் எடுப்பதாம். அதற்கு மட்டும் இருபதாயிரம்.

"இங்க பக்கத்துல சமணர் கோயில் திருமலைக்குப் போய்ட்டு சாயந்திரம் வந்துடலாங்க. ரெண்டு பேரும் ஃப்ரீயா பேசிகினு இருந்தாத்தான் முகத்துல களை வரும்" என்றார். அந்த 'ஃப்ரீயா' எனக்குப் பிடிக்கவில்லை.

ட்ரோனில் கை வைக்க முடியாது. அது மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து ஓர் ஆல்பத்தை அடித்தேன். அடுத்து அவுட்டோருக்குப் போனபோது பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறவள். அதுவரை இந்தக் கல்யாணத்தில் எதையுமே கேட்காதவள்.

"பா, அத்த மட்டும் அடிக்காத. என் புடவைய வேணா கம்மி பண்ணிக்கலாம்."

"போட்டோ மேல அவ்ளோ ஆசையா?"

"போட்டோவுக்கு இல்லப்பா. பொண்ணு பாக்க வந்தப்போ அஞ்சு நிமிஷம் பேசினோம். போன் பண்ணா ஷிப்ட்ல இருக்கேன்னு வெச்சிடறாரு. ஒரு நாளு கூட இருந்தா ஆளு எப்படின்னு தெரியும். வேற எப்படித் தெரிஞ்சிக்கறது?"

நியாயமான கேள்வி. "கல்யாணத்துக்கு அப்புறம் ஆயுசுக்கும் பேசிகினு இரு, யாரு வேணான்னது?" என்று சொல்லிச் சிரித்தேன். பெரிய நகைச்சுவை செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். அவுட்டோரை அடித்துவிட்டேன்.

பணம் பாதிக் காரணம்தான். ஜோடியாகச் சுற்றியதை ஊர் பார்த்து, அப்புறம் ஏதாவது காரணத்தால் சம்பந்தம் தட்டிப்போனால் என் பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம் மீதிப் பாதி. அது தட்டிப்போக வேண்டிய சம்பந்தம் என்பது இன்றைக்குத் தெரிகிறது.

கல்யாணத்தன்று ட்ரோன் பறந்தது. மண்டபத்து மாடித் தண்ணீர்த் தொட்டி, வாசலில் நின்ற பைக்குகள், பின்பக்கம் கொட்டிய எச்சில் இலைகள் எல்லாம் வீடியோவில் அழகாகத் தெரிகின்றன. சம்பந்தி வீட்டார் கைதட்டிப் பார்த்தார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

கல்யாணமாகி எட்டாவது மாதம் ஒரு பையோடு வந்து நின்றாள். குடி இல்லை, அடி இல்லை. அவர் பேசமாட்டாராம். பதினோரு நாளாக ஒரு வார்த்தை கிடையாது. என்ன கோபம் என்று கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிடுவாராம். இவள் பக்கத்து வீட்டில் பேசினாலும் குற்றம். அழாமல்தான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார். "அனுப்பி வைங்க, உக்காந்து பேசினா சரியாப் பூடும்" என்றார். எனக்குச் சின்னவள் ஒருத்தி காலேஜில் இருக்கிறாள். கல்யாணக் கடனும் பாதிதான் அடைந்திருக்கிறது. சரி என்றேன். 'போகமாட்டேன்' என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். அப்போதும் அனுப்பியிருப்பேன்.

செய்யாற்றில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய்க் கட்டிலில் படுத்து போனை எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். தலை நிமிரவில்லை. அவள் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்து முடிக்கும்வரை அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

கால் மணி நேரம்தான் இருந்தேன். ஆள் எப்படி என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

"நீ கெளம்புப்பா, பஸ்ஸு பூடும்" என்றாள். கிளம்பினேன்.